என் பெயரில் ரத்தான ரசீதுகளும் ‘நெட் யூசர்’ கட்டளையும்

மன்னார்குடிக்கு அருகில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, 2024 நவம்பரில், நான் செய்யாத ஒரு காரியத்துக்கான பழி என் மீது விழுந்தது. அதிலிருந்து என்னை ஓரளவு மீட்டது, கணினிக்குள்ளேயே யாரும் கவனிக்காமல் கிடந்த, விண்டோஸ் லாகின்களின் விவரத்தைக் காட்டும் ‘நெட் யூசர்’ என்ற ஒரு சிறிய கட்டளை. உரக்கடை, நெல் மண்டி, அரிசி ஆலை, ஜவுளிக்கடை என்று டெல்டாவின் எந்த ஊரை எடுத்தாலும் ஒரே கணினியில் மூன்று நான்கு பேர் மாறி மாறி உட்கார்ந்து வேலை பார்க்கும் இடங்கள் ஏராளமாக உள்ளன. அங்கே கணக்கு எழுதும் எவருக்கும் இந்த நிலை வரலாம் என்பதாலும், எனக்கு அப்போது எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லாமற்போனதாலும் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் உரம் வாங்குவது பெரும்பாலும் கடனுக்குத்தான். மானிய உரம் வாங்கும் விவசாயி அரசு கொடுத்துள்ள கருவியில் கைரேகை வைக்க வேண்டும். அது தனிக் கணக்கு. யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார், எப்போது எவ்வளவு கட்டினார் என்பதெல்லாம் கடையின் சொந்த பில்லிங் மென்பொருளில்தான் இருக்கும். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக்கு வந்ததும், அடுத்த சம்பாவுக்கு மேலுரம் வாங்க வரும்போது பழைய பாக்கியைக் கட்டிவிட்டுப் போவார்கள். அதனால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கல்லாவுக்கு ரொக்கம் நிறைய வரும். நவம்பர் 14 அன்று காலை ஒரு பெரியவர் யூரியா கேட்டு வந்தார். திரையில் பழைய பாக்கி அப்படியே நின்றது. அவர் அதிர்ந்துபோய், வங்கிப் புத்தகத்தோடு பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருந்த ரசீதை எடுத்து நீட்டினார். முந்தைய நாள் பிற்பகல் நானே பணம் வாங்கிக்கொண்டு அச்சிட்டுக் கொடுத்த ரசீதுதான் அது. மென்பொருளில் தேடியபோது அது அன்றிரவு 8.52க்கு ரத்து செய்யப்பட்டிருந்தது. ரத்து செய்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. முதலாளி மற்ற வரவுகளையும் துருவிப் பார்த்ததில், வெவ்வேறு இரவுகளில் இதே போல் ரத்தான ரசீதுகள் மொத்தம் ஐந்து, தொகை 64,800 ரூபாய் என்று தெரிந்தது. ரசீது ரத்தானதால், அந்தப் பணம் கல்லாவில் இல்லாதபோதும் கல்லாக் கணக்கும் கையிருப்பும் ஒத்துப்போயின. அதனால்தான் அதுவரை எவருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான் மாலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவேன். கடை ஒன்பது மணி வரை திறந்திருக்கும். அதைச் சொன்னேன். முதலாளி கோபமாகக்கூடப் பேசவில்லை. “கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாம்மா? உன் பேருதானே நிக்குது” என்றார். அந்தக் கேள்விக்கு எனக்கு அப்போது பதில் கிடைக்கவில்லை. கடை வாசலில் உரத்துக்கு நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நான் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விடும் என்பது எனக்குத் தெரியும், அப்படியேதான் ஆனது. அந்த மாதச் சம்பளம் 14,000 ரூபாயை அவர் நிறுத்திவைத்தார். மீதித் தொகையைத் தவணையாகக் கட்டச் சொன்னார். இரவில் தூக்கமில்லை. செய்யாததைச் செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டிய நிலை எவ்வளவு கொடியது என்பது அதை அனுபவித்தவர்களுக்கே புரியும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கடைக் கணினிகளில் இரண்டு அடுக்கு லாகின் இருக்கிறது. ஒன்று கணினியைத் திறக்கும்போது விண்டோஸ் கேட்பது. மற்றொன்று பில்லிங் மென்பொருளுக்குள் நுழையும்போது அது கேட்பது. ரசீதில் பதியும் பெயர் இரண்டாவது அடுக்கைச் சேர்ந்தது. எங்கள் கடையில் நான் விடுப்பு எடுத்தால் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக என் மென்பொருள் பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது முதலாளி வைத்த ஏற்பாடு. ஆகவே அந்தப் பெயர் கல்லா மேசையில் கிடக்கும் ரப்பர் முத்திரை போன்றது. யார் கையில் எடுத்தாலும் அதே எழுத்துதான் விழும். ஆனால் அந்த நேரத்தில் கணினியைத் திறந்து வைத்திருந்தது எந்த விண்டோஸ் லாகின் என்பதை மென்பொருள் சொல்லாது. விண்டோஸைத்தான் கேட்க வேண்டும். பழியைச் சுமப்பவர்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இந்த இரண்டு பெயர்களையும்தான்.

கேட்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்ததற்குக் காரணம், தஞ்சாவூரில் கணினிப் பட்டயம் படித்தபோது யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆய்வகத்தில் கற்ற ‘ஃபிங்கர்’ என்ற கட்டளை. ஒரு பெயரைக் கொடுத்தால் அவரது முழுப்பெயர், எந்த முனையத்தில் இருக்கிறார், எப்போது உள்ளே வந்தார், எவ்வளவு நேரமாக விசையைத் தொடவில்லை என்பது வரை அது காட்டும். 1971இல் ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் லெஸ் ஏர்னஸ்ட் அதை எழுதினார் என்றும், வெளியாட்களுக்கும் இப்படி விவரம் கொடுத்துக்கொண்டிருந்த அதன் சேவை நிரலில் இருந்த ஓட்டை வழியாகவும் 1988 நவம்பரில் ‘மோரிஸ் புழு’ என்ற, தானாகவே பரவும் நிரல் கணினிகளுக்குள் பரவியது என்றும் எங்கள் ஆசிரியர் சொல்லியிருந்தார். விண்டோஸிலும் அதே பெயரில் ஒரு கட்டளை உண்டு. ஆனால் அது வேறொரு கணினியில் ஓடும் ஃபிங்கர் சேவையைக் கேட்பதற்கானது, நம் கடைக் கணினியின் லாகின்களைப் பற்றி எதுவும் சொல்லாது. அதன் இடத்தில் இங்கே பயன்படுவது ‘நெட் யூசர்’. இதை ஓட்டச் சாதாரண லாகினே போதும். நிர்வாகி அனுமதி தேவைப்படவில்லை.

அந்த நவம்பர் 14 மதியமே கடையில் கூட்டம் குறைந்ததும், கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் திரையைத் திறந்து, வேறெதுவும் சேர்க்காமல் ‘நெட் யூசர்’ என்று மட்டும் அடித்தேன். அந்தக் கணினியில் உள்ள எல்லா லாகின் பெயர்களும் வரிசையாக வந்தன. முதலில் என்னைப் பயமுறுத்தியது ‘டபிள்யூடேக்யூட்டிலிட்டிஅக்கவுண்ட்’ என்ற நீண்ட பெயர். அது விண்டோஸ் தன் பாதுகாப்பு வசதிக்காகத் தானே வைத்திருப்பது. ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’, ‘கெஸ்ட்’, ‘டிஃபால்ட்அக்கவுண்ட்’ ஆகியவையும் அப்படியே. இவற்றைப் பார்த்துத் திருடன் புகுந்துவிட்டான் என்று எவரும் கலங்க வேண்டாம். அதேபோல மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து விண்டோஸில் நுழைபவரின் பெயர் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் அந்த முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளாக மட்டுமே நிற்கும். முதலாளியின் பெயர் அப்படிக் குறைபட்டுத்தான் இருந்தது. இவற்றையெல்லாம் கழித்த பிறகு என் பெயரும், உதவியாளர்களுக்கான பொது லாகினும், நாங்கள் யாருமே உருவாக்காத ‘சப்போர்ட்’ என்ற ஒரு பெயரும் எஞ்சின.

பிறகு ‘நெட் யூசர்’ என்பதை அடுத்து ஓர் இடைவெளி விட்டு அந்தப் பெயரையும் சேர்த்து அடித்தேன். ஒரு திரை நிறைய விவரம் வந்தது. அவற்றுள் நான்கு வரிகள் எனக்கு முக்கியமாக இருந்தன. ‘அக்கவுண்ட் ஆக்டிவ்’ என்பதற்கு எதிரே ‘எஸ்’ என்று இருந்தது. அதாவது அது செயல்பாட்டில் உள்ள லாகின். ‘பாஸ்வேர்டு லாஸ்ட் செட்’ என்பதற்கு எதிரே 10/9/2024, மாலை 4.47. ‘லாஸ்ட் லாகான்’ என்பதற்கு எதிரே 11/13/2024, இரவு 8.41. கடைசியில் ‘லோக்கல் குரூப் மெம்பர்ஷிப்ஸ்’ என்ற வரியில் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’, அதாவது கணினியின் அமைப்பை மாற்றும் உரிமையுள்ள நிர்வாகிகள் குழு. ரசீது ரத்தானது 8.52, இந்த லாகின் உள்ளே வந்தது அதே இரவு 8.41. என் பெயரைப் போட்டும் பார்த்தேன். என் லாகின் கடைசியாகத் திறக்கப்பட்டது 14ஆம் தேதி காலை வேலைக்கு வந்தபோதுதான். கை நடுங்கியது, அழுகையும் வந்தது. ஆனால் இந்த இடத்தில் நேரத்தை வீணாக்கக் கூடாது. ‘லாஸ்ட் லாகான்’ வரி கடைசி நுழைவை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கும். அதே பெயரில் மறுபடி ஒருவர் நுழைந்தால் பழைய நேரம் மறைந்துவிடும். எனவே திரையில் பார்த்ததோடு நிறுத்தாமல், கட்டளையின் முடிவில் > குறியிட்டு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் விடை அந்தக் கோப்பில் சேர்ந்துவிடும். அப்படிச் சேமித்து, அச்செடுத்து, திரையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். ‘ஹோஸ்ட்நேம்’, ‘ஹூஅம்ஐ’ என்ற இரண்டு கட்டளைகளின் விடையையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கணினியில், எந்த லாகினிலிருந்து பார்க்கப்பட்டது என்ற கேள்வி பின்னால் நிச்சயம் வரும். அச்சில் தேதியின் எண்களுக்கு முன்னால் கேள்விக்குறிகள் விழுந்தால் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. திரையில் கண்ணுக்குத் தெரியாத குறிகள் கோப்பில் அப்படி மாறுவதுண்டு. திரையின் படம் கையில் இருந்தால் ஒப்பிட்டுக் காட்டலாம்.

தாளை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது எதிர்பாராத ஒரு தடை வந்தது. மென்பொருளைப் பராமரிக்கும் சர்வீஸ்காரர் அக்டோபர் 9 அன்று வந்துபோனதற்கான பில் என் கோப்பில் இருந்தது; அந்த ‘சப்போர்ட்’ லாகின் அன்றுதான் உருவாகியிருக்க வேண்டும் என்பது என் வாதம். முதலாளி 10/9 என்பதைச் செப்டம்பர் 10 என்று வாசித்தார். அன்று யாரும் வரவில்லையே என்றார். நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம். அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட விண்டோஸோ மாதத்தை முன்னால் எழுதும். அதே தாளின் மற்றொரு வரியில் 11/13/2024 என்று இருப்பதைக் காட்டினேன். பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லை. ஆகவே முதலில் நிற்பதுதான் மாதம். அன்றைய தேதியைக் காட்டும் ‘டேட் /டி’ என்ற கட்டளையை அடித்துக் காட்டியபோது கிழமையுடன் 11/14/2024, வியாழன் என்று வந்ததும் அவர் ஏற்றுக்கொண்டார். இன்னொன்றையும் சரிபார்த்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் மின்சாரம் அடிக்கடி போகும். மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினிகளில் மின்சாரம் போய்த் திரும்பும்போது கடிகாரமே மாறிவிடும். அப்படியானால் இந்த நேரங்களுக்கு மதிப்பே இல்லை. எங்கள் கணினியின் நேரத்தையும் அரசு உரக் கருவியில் அச்சாகும் நேரத்தையும் வைத்துப் பார்த்தேன், இரண்டும் பொருந்தின.

இதற்குள் வெளியிலிருந்து ஒரு கணினிப் பழுது பார்ப்பவரை என் செலவில் 1,500 ரூபாய் கொடுத்து அழைத்திருந்தேன். அவர் வந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, வைரஸாக இருக்கலாம், ஃபார்மட் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அன்று நான் மறுத்திருக்காவிட்டால் என்னிடம் இருந்த சாட்சி முழுவதும் அந்த மாலையே அழிந்திருக்கும். எந்தச் சூழ்நிலையிலும், யார் சொன்னாலும், விவரங்களை எடுத்து முடிக்கும் வரை ஃபார்மட் செய்யச் சம்மதிக்காதீர்கள். சந்தேகத்துக்குரிய லாகினை அழித்துவிடவும் வேண்டாம். அழித்தால் ‘நெட் யூசர்’ காட்டும் அதன் விவரமும் சேர்ந்து போய்விடும். ‘நெட் யூசர்’, பெயர், ‘/ஆக்டிவ்:நோ’ என்று அடித்தால் அது முடக்கப்படும்; தகவல் அப்படியே இருக்கும். இதை மட்டும் நிர்வாகி அனுமதியுடன் திறந்த திரையில்தான் செய்ய முடியும்.

அடுத்து பார்க்க வேண்டியது, கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் குறித்துவைப்பதைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் உள்ள செக்யூரிட்டி பதிவு. அதைத் திறக்க நிர்வாகி அனுமதி வேண்டும். முதலாளி தன் பாஸ்வேர்டைப் போட்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். 4624 என்ற எண் வெற்றிகரமான நுழைவைக் குறிக்கும். 4720 புதிய லாகின் உருவாக்கப்பட்டதைக் குறிக்கும். 4732 ஒரு லாகினை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் போன்ற குழுவில் சேர்த்ததைக் குறிக்கும். நான் மிகவும் நம்பியிருந்த 4720 கிடைக்கவில்லை. இந்தப் பதிவுக்கு விண்டோஸ் வழக்கமாக ஒதுக்கும் இடம் 20 எம்பி. நிறைந்ததும் பழையவற்றின் மேல் புதியவை எழுதப்படும். அக்டோபர் பதிவுகள் எப்போதோ போய்விட்டன. பாஸ்வேர்டு அமைத்த தேதி மட்டும் அழியாமல் நின்றதுதான் என்னைக் காப்பாற்றியது. நவம்பர் 13 இரவு 8.41க்கான 4624 இருந்தது. அதன் உள்விவரத்தில் ‘லாகான் டைப்’ 2 என்று இருந்தது. 2 என்றால் கணினியின் முன்னால் உட்கார்ந்து நுழைந்தது. 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது வேறொரு கணினியிலிருந்து வந்தது. 7 என்றால் பூட்டிய திரையைத் திறந்தது. முதலாளி உடனே கடையில் அப்போது இருந்த ஒருவரின் பெயரைச் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. திரையைப் பகிரும் மென்பொருள்கள் வழியாகத் தொலைவிலிருந்து ஒருவர் பாஸ்வேர்டை அடித்தாலும் 2 என்றே பதியக்கூடும். அப்படி ஒரு மென்பொருள் அந்தக் கணினியில் இருந்தது. கணினி ஒரு லாகினைத்தான் காட்டுகிறது, அதை இயக்கிய விரலைக் காட்டுவதில்லை. என் பெயர் இருந்ததால் நான்தான் என்று சொன்னது எவ்வளவு தவறோ, இதை வைத்து மற்றொருவரைக் குற்றவாளி ஆக்குவதும் அவ்வளவு தவறு. அதில் நான் உறுதியாக இருந்தேன்.

சர்வீஸ்காரரைக் கேட்டபோது பராமரிப்புக்காகத் தானே அந்த லாகினை உருவாக்கியதாக ஒப்புக்கொண்டார். கடையில் யாரிடம் பாஸ்வேர்டைச் சொன்னார் என்பதற்கு மட்டும் அவரிடமிருந்து தெளிவான பதில் வரவில்லை. நான் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன்; அதற்கு 2,000 ரூபாய் ஆனது. மற்றவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம் என்றும், அச்சுத்தாளை நீதிமன்றத்தில் காட்டுவதற்கு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். அந்தச் சான்றிதழுக்குக் கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் ஒத்துழைப்பு தேவை. அதனால் இதுபோன்ற சோதனையை மறைவாகச் செய்யாமல் உரிமையாளரின் முன்னிலையில், அவர் கையெழுத்துடன் செய்துகொள்வது மிகவும் நல்லது. எனக்கு அந்தக் கையெழுத்து கிடைத்ததால் காவல் நிலையம் வரை போகாமலேயே பழி நீங்கியது. முதலாளி போலீசில் புகார் கொடுக்க விரும்பவில்லை. விவசாயிகளின் ஐந்து ரசீதுகளையும் கடைக் கணக்கிலேயே நேர்செய்துவிட்டார்.

நிறுத்திய சம்பளம் தை பிறந்த பிறகுதான் வந்தது. பொங்கலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் தொகை வரவில்லை. பழுது பார்த்தவருக்கும் வழக்கறிஞருக்கும் கொடுத்த 3,500 ரூபாய் என் கைக்காசு. கடை வாசலில் கேட்ட வார்த்தையை நாலு பேருக்குச் சொன்னவர்கள், பழி நீங்கியதை அதே ஆர்வத்தோடு போய்ச் சொல்லவில்லை. எனக்கு மிகவும் வலித்தது அதுதான். மார்ச்சில் அந்த வேலையை விட்டேன். இப்போது திருவாரூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் இருக்கிறேன். சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலாளரிடம் பேசி, மென்பொருளில் ஒவ்வொருவருக்கும் தனி லாகின் வாங்கினேன். விடுப்பில் போனால் என் வேலையை மற்றவர் தன் பெயரிலேயே செய்கிறார். செக்யூரிட்டி பதிவின் அளவையும் கூட்டச் சொல்லியிருக்கிறேன். இருக்கையை விட்டு எழுந்தால் விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டிவிடுகிறேன். மாதத்தின் முதல் வேலைநாளில் ‘நெட் யூசர்’, ‘நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ ஆகிய இரண்டின் விடையையும் அச்செடுத்து, மேலாளரிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைக்கிறேன். சர்வீஸுக்கு யாராவது வந்துபோனால் அன்று மாலையே மறுபடி ஒருமுறை எடுத்து, முந்தைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அவருடைய பில்லைப் பணத்துக்கு அனுப்புகிறேன்.